கேட்கத் தெரிந்த கைவினைஞர் லியோ ஃபெண்டர்

மலைநாட்டுப் புகையிரதப் பாதை பதுளையில் முடிகிறது. 1924ஆம் ஆண்டு முதல் அந்நிலையத்தில் வந்திறங்கிய சுமைகள் எத்தனையோ. அவற்றைப் பசறைக்கும் ஹாலிஎலவுக்கும் அப்பாலுள்ள தோட்டங்களுக்குத் தோள்மீது ஏற்றிச் சென்ற மக்களின் பேரப்பிள்ளைகள் இன்று திருவிழா மேடைகளிலும் திருமண மண்டபங்களிலும் கிட்டார் இசைக்கின்றனர். அவர்களுள் ஓர் இளைஞன், பல மாதச் சேமிப்புடன், பழைய மாதிரியில் புதிதாக ஆக்கப்படும் வால்வு ஒலிபெருக்கி ஒன்றை வாங்க விழைகிறான் என்று கொள்வோம். எதனைத் தேர்வது? இவ்வினாவுக்கு விடை தேடுவோர், அப்பெட்டியை முதன்முதல் ஆக்கியவரின் வாழ்க்கையை ஒருமுறை நோக்குதல் நன்று.

லியோ ஃபெண்டர் 1909ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் கலிபோர்னியாவில், தோடம்பழத் தோட்டம் ஒன்றை நடத்திய குடியானவர் குடும்பத்தில் பிறந்தார். எட்டாம் வயதில் ஒரு கண்ணை இழந்தார். இளமையிலேயே வானொலிப் பெட்டிகளின்மீது அவருக்குத் தீராத வேட்கை உண்டாயிற்று. ஆயினும் அவர் கற்றது கணக்கியல். செய்ததும் கணக்கர் வேலையே. உலகப் பொருளாதார மந்தம் அவ்வேலையையும் பறித்துக்கொண்டது. 1938ஆம் ஆண்டில் 600 டாலர் கடன் பெற்று, புல்லர்டன் நகரில் வானொலி பழுதுபார்க்கும் கடை ஒன்றைத் திறந்தார்.

அக்கடைதான் அவருடைய பல்கலைக்கழகம். நடனக் கூடங்களில் வாசிப்போர் பழுதான ஒலிபெருக்கிகளைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தனர். எங்கே கம்பி அறுகிறது, எங்கே பெட்டி உடைகிறது, எவ்விடத்தில் ஒலி மங்குகிறது என்பதையெல்லாம் அவர் கையால் தொட்டறிந்தார். 1946ஆம் ஆண்டில் தம் பெயரிலேயே இசைக்கருவித் தொழிலகம் அமைத்தார். டெலிகாஸ்டர் 1951ஆம் ஆண்டிலும் ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954ஆம் ஆண்டிலும் அப்பெயர்களோடு உலகை அடைந்தன. இவற்றை ஆக்கியவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது என்பது வியப்பினும் வியப்பே. தமக்குத் தெரியாது என்பதை அறிந்திருந்தமையால், தெரிந்தவர்களிடம் இடைவிடாது கேட்டார். அவர்கள் குறை சொன்னால் மீண்டும் பிரித்து அமைத்தார்.

வால்வின் இயல்பை நம் மலையகத்தார்க்கு விளக்குதல் எளிது. காமன் கூத்துக்குத் தப்பு அடிப்போர், அதனை நெருப்பிற் காய்ச்சிய பின்னரே கையில் எடுப்பர். வால்வும் அவ்வாறே. உள்ளிருக்கும் இழை சூடேறினாலன்றி மின்னோட்டம் பாயாது, ஒலியும் பிறவாது. அளவோடு இயக்கினால் தெளிந்த ஒலி தரும். எல்லையை அணுகும்போது கரகரப்பும் கனிவும் கலந்ததொரு குரல் எழும். ஃபெண்டர் விரும்பியது தெளிந்த ஒலியை. கரகரப்பை அவர் குறையாகவே கருதினார். கலைஞர்களோ அக்குறையையே கலையாக்கினர். தாழ்சுருதிக் கிட்டாருக்கென அவர் செய்த பாஸ்மன் பெட்டியைக் கிட்டார் கலைஞர்கள் தமதாக்கிக் கொண்டனர். லண்டனில் ஜிம் மார்ஷல் என்பார் அதனை முன்மாதிரியாகக் கொண்டே 1960களின் தொடக்கத்தில் தம் முதல் ஒலிபெருக்கியை ஆக்கினார்.

நோயுற்று வருந்திய ஃபெண்டர், 1965ஆம் ஆண்டில் தம் நிறுவனத்தை 13 மில்லியன் டாலருக்கு விற்றார். பின்னர் நலம்பெற்றும் ஓய்ந்திருக்க மனமின்றி வேறு தொழிலகங்களில் கருவிகள் செய்துகொண்டே இருந்தார். பழைய பாஸ்மனின் மறு ஆக்கம் 1990ஆம் ஆண்டில் கடைக்கு வந்தபோது அந்நிறுவனம் அவருடையதன்று. 1991ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள் அவர் மறைந்தார்.

இனி நம் இளைஞனிடம் வருவோம். 1965ஆம் ஆண்டு மாதிரியின் மறு ஆக்கங்களுள் டுவின் ரிவேர்ப் 85 வாட் ஆற்றலுடையது. எடை ஏறத்தாழ 29 கிலோ. டீலக்ஸ் ரிவேர்ப் 22 வாட்; எடை ஏறத்தாழ 19 கிலோ. வாட் நான்கு மடங்கானால் ஒலியும் நான்கு மடங்காகும் என எண்ணுதல் பிழை. செவிக்கு அது இரு மடங்காகவும் தோன்றாது. எனவே மண்டபத்தில் பொது ஒலியமைப்பு இருக்குமாயின், சிறிய பெட்டியின் முன் ஒலிவாங்கி வைத்தலே போதும். வால்வின் கனிந்த குரலும் சிறிய பெட்டியில் எளிதாகவே கிட்டும். திறந்தவெளியில், பொது ஒலியமைப்பின் துணையின்றித் தெளிவாக ஒலிக்க வேண்டுவோர்க்கே பெரியது உரியது. மலைப்பாதையில் அதனைச் சுமப்பவர் யார் என்பதையும் எண்ணுக.

இன்னும் இரண்டு உள. அமெரிக்க நாட்டு மின்சாரம் 120 வோல்ட், நம்முடையது 230. அங்கு விற்கும் பெட்டியை இங்கு நேரே இணைத்தால் அது கருகும். நம் மின்னழுத்தத்துக்கென ஆக்கியதையே கேட்டு வாங்குக. அன்றியும், பழைய பெட்டிகள் கையாற் கம்பி இணைக்கப்பட்டவை. மறு ஆக்கங்கள் பெரும்பாலும் அச்சுச் சுற்றுப்பலகையில் அமைந்தவை. வால்வுகள் தேயும் பொருள்கள். அவற்றை மாற்றவும் பலகையைப் பழுதுபார்க்கவும் வல்லவர் அருகில் உளரா என விசாரித்த பின்னரே பணத்தை எண்ணித் தருக.

பெரும்பெயர் பெற்ற அம்மனிதர், பழுதுபார்ப்பவன் கையையும் சுமப்பவன் தோளையும் வாசிப்பவன் செவியையும் மறவாமல் தம் பெட்டிகளை ஆக்கினார். வாங்குவோனும் அம்மூன்றையும் மறவாதிருந்தால், ஒரு குடும்பத்தின் சேமிப்பு வீண்போகாது. லயத்து வாசலில் நிற்பவர் செவிக்கும் பாட்டின் சொல் தெளிவாய்ச் சென்று சேரும்.