ஆய்லரும் ஒரு பத்திலக்க எண்ணும்

லியோனார்ட் ஆய்லர் 1707-ஆம் ஆண்டு ஸ்விட்ஸர்லாந்தின் பேசல் நகரில் பிறந்தார். தந்தையார் பாதிரியார், மகனும் திருச்சபைப் பணிக்கே வரவேண்டுமென விரும்பினார். பேராசிரியர் யோகான் பெர்னூலி மாணவனின் ஆற்றலைக் கண்டு எடுத்துரைத்ததனால்தான் தந்தையார் மனம் இசைந்தார். இருபதாம் வயதில் ஆய்லர் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் அறிவியற் கழகத்தை அடைந்தார்.

இரண்டின் அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டி அமையும் ஒருவகை எண்கள் யாவும் பகா எண்களே என்று ஃபெர்மா நம்பியிருந்தார். 3, 5, 17, 257, 65,537 ஆகிய முதல் ஐந்தும் அந்நம்பிக்கைக்கு அரண் செய்தன. ஆறாவது எண் 4,29,49,67,297. அது 641-ஐ 67,00,417-ஆல் பெருக்கக் கிடைப்பதென 1732-இல் காட்டி, அந்நம்பிக்கையைத் தகர்த்தார் இருபத்தைந்து வயது ஆய்லர்.

முப்பது வயதையொட்டி அவருக்கு வலக்கண் பார்வை குன்றியது. 1741-இல் பெர்லின் சென்றவர், 1766-இல் பீட்டர்ஸ்பர்க் திரும்பினார். 1771-இல் வீடு தீக்கிரையாயிற்று. அவரையும் கையெழுத்துப் பிரதிகளையும் அரிதின் மீட்டனர். அதே ஆண்டு கண்புரைக்குச் செய்த சிகிச்சைக்குப் பின் இடக்கண்ணும் ஏறக்குறைய ஒளியிழந்தது. எழுதுகோல் பிறர் கைக்கு மாறியதேயன்றி ஆராய்ச்சி ஓயவில்லை.

1772-இல் தம் ஆசிரியரின் பேரரான மற்றொரு யோகான் பெர்னூலிக்கு அவர் விடுத்த கடிதம் கணித வரலாற்றில் இடம் பெற்றது. இரண்டை முப்பத்தொரு முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் 2,14,74,83,647 பகா எண் என்பதே செய்தி. அது பகு எண்ணாயின் 46,341-க்குக் கீழே ஒரு பகாக் காரணி இருந்தாக வேண்டும். அவ்வெல்லைக்குள் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பகா எண்கள் உண்டு. ஆனால் காரணியாகத் தக்க பகா எண்ணை 248-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 ஆகவே இருக்கவேண்டும் என்பது ஆய்லர் கண்ட வழி. அத்தகைய எண்கள், பகு எண்களையும் சேர்த்து, ஏறக்குறைய 370 மட்டுமே. அவற்றுள் ஒன்றும் வகுக்கவில்லை.

தன்னையொழிந்த காரணிகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண் நிறைவெண் எனப்படும், 6 அத்தகையது. ஆய்லரின் முடிவால், அறியப்பட்ட ஏழு நிறைவெண்களோடு பத்தொன்பது இலக்கமுடைய எட்டாவதும் சேர்ந்தது.

1783 செப்டம்பர் 18 அன்று, புதிதாகக் கண்டறியப்பட்டிருந்த யுரேனஸ் கோளின் பாதையைப் பற்றி உரையாடிய ஆய்லர், அன்றே மயங்கி விழுந்து உயிர் நீத்தார்.

அவருடைய எண் எண்பது ஆண்டுகளுக்கு மேல் அறியப்பட்ட பகா எண்களுள் பெரியதாக விளங்கிற்று. இத்தகைய எண்கள் வேடிக்கையன்றிப் பயனற்றவை, இதனினும் பெரியதை எவரும் தேடார் என 1811-இல் பீட்டர் பார்லோ கருதினார். பின்னாளில் முப்பத்திரண்டு இருமை இலக்கங்களில் குறியுடன் எண்களை எழுதும் கணிப்பொறிகளுக்கு அதுவே பேரெல்லை ஆயிற்று. 1970 முதல் அவ்வாறு நொடிகளை எண்ணிவரும் கடிகாரங்கள் 2038 ஜனவரி 19 அன்று அவ்வெல்லையை எட்டும். பயன் கருதாத ஓர் உழைப்பை அலட்சியம் செய்யுமுன் இளைஞராகிய நாம் ஆய்லரின் எண்ணை ஒருமுறை நினைத்துக்கொள்வது நன்று.