ஆல்பிரட் எசர்

சுவிட்சர்லாந்துக்குக் கடற்கரை இல்லை. நிலக்கரி வளமும் இல்லை. தெற்கே ஆல்ப்சு மலைத்தொடர் நெடுஞ்சுவரென நிற்கின்றது. அயலாரிடம் பஞ்சு வாங்கி, நூலும் துணியுமாக்கி, மீண்டும் அயலார்க்கே விற்ற அந்நாட்டிற்கு வணிகவழியே உயிர்நாடி. இதனை நன்குணர்ந்தவர் ஆல்பிரட் எசர்.

1819-ஆம் ஆண்டு சூரிக்கு நகரில் செல்வக்குடியிற் பிறந்த அவர், சட்டம் பயின்று, முப்பதாம் வயதிலேயே நாடாளுமன்றக் கீழவையின் தலைவரானார். அண்டை நாடுகளில் இருப்புப்பாதைகள் பெருகக் கண்டு, தம் நாடு ஒதுக்கப்பட்டுவிடுமோ என்று அஞ்சினார். 1853-இல் வடகிழக்கு இருப்புப்பாதைக் கழகத்திற்குத் தலைமையேற்றார். பாதை அமைக்கப் பொறியாளர் வேண்டுமன்றோ? 1855-இல் சூரிக்கில் தொழில்நுட்பக் கல்லூரி திறக்கப்பெற முன்னின்று உழைத்தார். பொருளுக்கு அயல்நாட்டு வங்கியாளரையே நம்பியிராமல், 1856-இல் வங்கியொன்றும் நிறுவினார். 2023-இல் மற்றொரு வங்கி கைக்கொள்ளும்வரை அது நிலைத்திருந்தது.

எனினும், அவர்தம் பெருமுயற்சி கோத்தார்டு மலைச்சுரங்கமே. 15 கிலோமீட்டர் நீளமுள்ள அதனைக் குடையும் வேலை 1872-இல் தொடங்கிற்று. வெடிமருந்தாலும், நீர்ப்பெருக்காலும், பாறைச்சரிவாலும் ஏறத்தாழ 200 தொழிலாளர் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் இத்தாலிய ஏழைகள். எசரைப் புகழ்வோர் இவர்களை மறத்தல் தகாது. செலவோ மதிப்பீட்டை விஞ்சியது. பழி முழுதும் எசர்மேல் விழ, 1878-இல் அவர் பதவி துறந்தார். 1880-இல் இருபுறத்துச் சுரங்கங்களும் மலைநடுவே கூடிய நன்னாளில் அவருக்கு அழைப்பில்லை! 1882-இல் நடந்த திறப்பு விழாவிற்கு அழைப்பு வந்தது, நோய் தடுத்தது. அவ்வாண்டு திசம்பர்த் திங்களில் அவர் உயிர் நீத்தபொழுது, செருமனிக்கும் இத்தாலிக்கும் இடையே சரக்கு வண்டிகள் அம்மலையினூடே ஓடிக்கொண்டிருந்தன.