குண்டுச் சத்தத்துக்குள் நிறமூர்த்தம் எண்ணிய ஜானகி அம்மாள்

1939 ஓகஸ்டில் எடின்பரோவில் நடந்த சர்வதேசப் பரம்பரையியல் மாநாட்டுக்குப் போயிருந்தார் ஜானகி அம்மாள். யுத்தம் மூண்டது. போன இடத்திலேயே தங்கிவிட்டார். நிரந்தரமாக நாடு திரும்பியது 1951இல்தான்.

இலண்டனில் ஜோன் இன்னஸ் ஆய்வு நிலையத்தில் அவருக்கு வேலை. ஜேர்மன் விமானங்கள் குண்டு போடும் இரவுகளில் கட்டிலுக்கடியில் பதுங்குவார். விடிந்ததும் தட்டுகளில் சிதறிக்கிடக்கும் கண்ணாடித் துண்டுகளைத் தட்டிவிட்டு ஆய்வைத் தொடர்வார். பங்கருக்குள் பாடப்புத்தகம் கொண்டுபோன நம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்த நாட்களின் உழைப்பில்தான், டார்லிங்டனுடன் சேர்ந்து எழுதிய பயிர்த் தாவரங்களின் நிறமூர்த்த அட்டவணை 1945இல் வெளியானது.

தலைச்சேரியில் 1897இல் பிறந்தவர். சென்னையில் படித்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1934இல் கோயம்புத்தூர் கரும்பு ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார்.

வவுனியாவில் குளக்கட்டோரம் நிற்கும் நாணலை யாரும் பயிராக நினைப்பதில்லை. ஆனால் இனிப்பான கரும்போடு காட்டு நாணலைக் கலந்துதான் வட இந்தியக் குளிரைத் தாங்கும் கோ 205 என்ற கரும்பை அந்த நிலையம் ஏற்கெனவே உருவாக்கியிருந்தது. ஜானகி அம்மாள் நாணலின் நிறமூர்த்தங்களை ஆராய்ந்தார். இன்னும் ஒரு படி போய், கரும்பையும் சோளனையும் கலந்தார். அந்நியப் பரம்பரையலகை ஒரு பயிருக்குள் கொண்டுசெல்ல அன்று இருந்த முக்கிய வழி மகரந்தம்தான்.

அந்த வழியில் ஒரு சிக்கல் உண்டு. தூரத்து இனங்களைக் கலந்தால் நிறமூர்த்தங்கள் சோடி சேராது. பிறக்கும் செடி பெரும்பாலும் மலடாகிவிடும். நிறமூர்த்தத்தை இரட்டிப்பாக்கினால் சில வேளைகளில் அது விதை பிடிக்கும். அதற்கு உதவும் கொல்சிசின் என்ற நஞ்சு நம் கார்த்திகைப்பூக் கிழங்கிலும் இருக்கிறது. யுத்தம் முடிந்தபின் விஸ்லித் தோட்டத்தில் அதே நஞ்சைக்கொண்டு அவர் மக்னோலியாச் செடிகளில் ஆய்வு செய்தார். அங்கு ஒரு மக்னோலியாவுக்கு அவர் பெயரே இருக்கிறது.

தீயர் சமூகத்தில் பிறந்தவர், மணம் முடிக்காத பெண் என்பதற்காகக் கோயம்புத்தூரில் அவர் பட்ட புறக்கணிப்பு கொஞ்சமல்ல. கரும்பில் சாதி பார்க்காத இடம் மனிதரில் பார்த்தது.

அவர் முதுமையில் இருந்தபோது முறைகள் மாறின. 1982இல் எலியின் கருக்கட்டிய முட்டைக்குள் நுண்ணூசியால் வேற்றுப் பரம்பரையலகைச் செலுத்தி, வழமையைவிடப் பெரிய எலிகளைப் பிறப்பித்தார்கள். 1983இல் மண்ணில் வாழும் ஒரு பற்றீரியாவை வாகனமாக்கிப் புகையிலைக்குள் அதைக் கொண்டுசென்றார்கள். மகரந்தம் இனிக் கட்டாயமில்லை.

ஆனால் எந்த முறையானாலும் சேர்க்கும் பரம்பரையலகு பெரும்பாலும் ஏதோ ஓர் உயிரிலிருந்துதான் வருகிறது. காட்டுச் செடி அழிந்தால் அதனோடு அதுவும் போய்விடும். எண்பது வயதைத் தாண்டியும் அவர் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டுவதை எதிர்த்தார். அங்குள்ள தாவரங்களின் நிறமூர்த்தங்களைக் கணக்கெடுக்கவும் முற்பட்டார்.

1984 பெப்ரவரி 7இல் காலமானார். சென்னை மதுரவாயலிலிருந்த ஆய்வுக்கூடத்தில் கடைசிவரை வேலை செய்துகொண்டிருந்தார். அதே ஆண்டு நவம்பரில் அந்தப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.