முகமூடி மல்யுத்த வீரர் டு வலி மருத்துவர்: யார் இந்த ஜான் போனிகா?

கணையப் புற்றுநோய் முற்றினால் வயிற்றில் கிளம்பும் வலி முதுகு வரை பாயும். பலருக்கு மாத்திரைக்கு அடங்காது. கண்டமங்கலத்தில் இருந்து பஸ் பிடித்து புதுச்சேரி ஜிப்மருக்கு அலையும் குடும்பங்களுக்கு இது புரியும். நோய் முத்திடுச்சுன்னா வலி இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிடுகிறோம். அப்படி விடக்கூடாது என்று வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர் டாக்டர் ஜான் போனிகா. இவர் நிஜமாகவே மல்யுத்த வீரரும்கூட!

1917-ல் இத்தாலியின் சிசிலி அருகே ஃபிலிகுடி என்ற குட்டித் தீவில் பிறந்தார். 10 வயதில் குடும்பத்தோடு நியூயார்க். அப்பா சீக்கிரமே இறந்துவிட, ஷூ பாலிஷ் போட்டும் பேப்பர் விற்றும் வீட்டைத் தாங்கினார். டாக்டர் படிப்புக்கு காசு தந்தது மல்யுத்த மேடைதான். அடையாளம் தெரியாமல் இருக்க முகமூடி மாட்டிக்கொண்டும் மோதினார்.

மனைவி எம்மாவின் பிரசவத்தில் ஈதர் மயக்கம் கொடுத்தபோது மூச்சு அடைத்துப்போனது. போனிகா குறுக்கே புகுந்து காப்பாற்றினார். மயக்கவியலில் அவர் ஊன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாம் உலகப்போரின்போது மேடிகன் ராணுவ மருத்துவமனையில் வேலை. காயம் ஆறியும் வலி போகாத வீரர்கள், வெட்டி எடுத்த கால் வலிக்கிறது என்று துடித்தவர்கள். நரம்பை ஊசி போட்டு மரத்துப்போக வைக்கும் நெர்வ் பிளாக்கை கையில் எடுத்தார். சிலருக்குக் கேட்டது, சிலருக்குக் கேட்கவில்லை. நரம்பு, எலும்பு, மனநல டாக்டர்களை மதிய சாப்பாட்டுக்கு ஒன்றாக உட்கார வைத்து, சிக்கலான நோயாளிகளைப் பற்றிப் பேசினார். இன்றைய பெயின் கிளினிக்குகளுக்கு விதை அந்தச் சாப்பாட்டு மேசைதான். 1953-ல் வலி சிகிச்சை பற்றி தலையணை சைஸில் ஒரு புத்தகம் எழுதினார். 1973-ல் அவர் கூட்டிய கூட்டத்தில் சர்வதேச வலி ஆய்வுச் சங்கத்துக்கு வித்திடப்பட்டது.

நெர்வ் பிளாக் எப்படி வேலை செய்கிறது?

வலிச் செய்தி நரம்பு வழியாகத்தான் மூளைக்குப் போகிறது. அந்த வழியை அடைப்பதுதான் இது. கணையப் புற்றுநோயில், இரைப்பைக்குப் பின்னால் உள்ள நரம்புப் பின்னலில், எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் பார்த்தபடி ஆல்கஹால் செலுத்துவார்கள். சில மாதங்கள் தாங்கலாம், மார்பின் அளவும் குறையலாம். பிபி இறங்குவது, பேதி ஆவது உண்டு. கட்டியை இது கரைக்காது, எல்லோருக்கும் பொருந்தவும் செய்யாது. இந்த இடத்தில் ஊசி போடும் முறை போனிகா கண்டுபிடித்ததில்லை. ஜெர்மனியின் மேக்ஸ் கப்பிஸ் 1914-லேயே செய்தது. மாத்திரை கேட்காவிட்டால் பெயின் கிளினிக்குக்கு எழுதித் தரச் சொல்லி உங்கள் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

மேடையில் வாங்கிய அடிகள் போனிகாவை விடவில்லை. மூட்டுகள் தேய்ந்து, அடுத்தடுத்து ஆபரேஷன்கள். தன் வலியோடுதான் அடுத்தவர் வலியைப் பார்த்தார், 1994-ல் இறக்கும் வரை.