புளோரன்ஸ் நைற்றிங்கேல் (1820 – 1910)



நான் விரும்பும் பெரியார் என்ற தலைப்பில் கட்டுரை கேட்கப்பட்டால் உங்களில் பலர் புளோரன்ஸ் நைற்றிங்கேலைத்தான் எழுதுவீர்கள். வகுப்பில் நான் திருத்தும் கொப்பிகளில் அவர் அடிக்கடி வருவார். ஆனால் பெரும்பாலான கொப்பிகளில் ஒரே கதைதான் இருக்கும். செல்வந்தக் குடும்பத்தில் பிறந்தார், இரவில் கைவிளக்கு ஏந்திச் சென்றார், காயப்பட்ட வீரர்களை அன்போடு பார்த்தார், அவர்கள் பிழைத்தார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எழுதினேன். அவர் போர்முனை வைத்தியசாலைகளில் இருந்தது இரண்டு வருடங்களுக்கும் குறைவான காலமே. அதன் பின்னர் 54 வருடங்கள் வாழ்ந்தார். தாதியர் தொழில் இன்றுள்ள நிலைக்கு வர அவர் செய்தவற்றில் பெரும்பகுதி அந்த 54 வருடங்களுக்குள்தான் அடங்கும். ஆகவே விளக்கோடு கட்டுரையை முடித்துவிடாதீர்கள்.

1820 மே 12ஆம் திகதி இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் அவர் பிறந்தார். ஊரின் பெயரே பிள்ளையின் பெயராயிற்று. நேப்பிள்ஸில் பிறந்த அக்காவுக்கும் அந்நகரின் பழைய கிரேக்கப் பெயரான பார்த்தனோப்பி என்பதையே வைத்திருந்தார்கள். பெற்றோர் ஆங்கிலேயர். தந்தை வில்லியம் நைற்றிங்கேல் பிள்ளைகள் இருவருக்கும் கிரேக்கம், இலத்தீன், வரலாறு முதலியவற்றைத் தாமே கற்பித்தார். புளோரன்ஸுக்குக் கணிதத்தில் தனியான விருப்பம் இருந்தது. இந்தக் கணித விருப்பத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இது தேவைப்படும்.

நோயாளரைப் பராமரிப்பதே தன் பணி என்று இளவயதிலேயே அவர் தீர்மானித்துவிட்டார். 1845இல் சோல்ஸ்பரி வைத்தியசாலைக்குச் சென்று பயிலப் போவதாகக் கூறியபோது வீட்டில் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. அக்காலத்தை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தின் வைத்தியசாலைகளில் கூலிக்கு வேலை செய்த தாதியருக்குப் பயிற்சி என்று ஒன்று கிடையாது. குடிப்பழக்கம் உள்ளவர்கள், ஒழுக்கம் இல்லாதவர்கள் என்ற கெட்ட பெயர் அவர்கள் எல்லோர் மீதும் விழுந்திருந்தது. தாயின் மறுப்பைக் கொடுமை என்று எழுதும் மாணவர் உண்டு. அன்று எந்தத் தாயும் அப்படித்தான் சொல்லியிருப்பார். தாதியாக இருக்க ஆசைப்பட்ட மகள் ஒருத்திதான் அந்த வீட்டில் புதுமை. ஒன்பது வருடங்களாகப் பழகிய றிச்சர்ட் மொங்டன் மில்ன்ஸ் என்பவரைத் திருமணம் செய்யவும் அவர் மறுத்தார். 1851இல் ஜேர்மனியின் கைசர்ஸ்வேர்த்தில் பாதிரியார் பிளீட்னர் நடத்திய நிலையத்தில் ஏறத்தாழ மூன்று மாதங்கள் பயின்றார். 1853இல் இலண்டனில் நோயுற்ற சீமாட்டிகளுக்கான சிறிய வைத்தியசாலை ஒன்றின் மேற்பார்வையாளரானார். அப்போது அவருக்கு வயது 33.

அடுத்த வருடம் பிரித்தானியா, பிரான்சுடனும் துருக்கியுடனும் சேர்ந்து ருஷ்யாவுக்கு எதிராகக் கிரிமியப் போரில் இறங்கியது. காயப்பட்ட வீரர்கள் கவனிப்பாரின்றிக் கிடக்கிறார்கள் என்று பத்திரிகைச் செய்திகள் வெளிவர நாடே கொதித்தது. போர்ச் செயலாளர் சிட்னி ஹேர்பேட் நைற்றிங்கேலுக்குக் கடிதம் எழுதினார். அதே நாட்களில் நைற்றிங்கேலும் தாமே செல்ல விரும்புவதாக ஹேர்பேட்டின் மனைவிக்கு எழுதியிருந்தார். இரு கடிதங்களும் வழியில் ஒன்றையொன்று கடந்து சென்றன. 38 தாதியருடன் 1854 ஒக்டோபரில் புறப்பட்டு நவம்பர் 4ஆம் திகதி கொன்ஸ்தாந்திநோபிளுக்கு எதிர்க்கரையிலுள்ள ஸ்கூட்டாரியை அடைந்தார்.

இனி நடந்ததைக் கவனமாக வாசியுங்கள். இராணுவ வைத்தியர்கள் இப்பெண்களை விரும்பவில்லை. நோயாளரைத் தொட அனுமதிக்கவில்லை. நைற்றிங்கேல் சண்டை பிடிக்கவில்லை. வைத்தியர் கேட்கும்வரை எந்தத் தாதியும் எந்த நோயாளிக்கும் எதுவும் செய்யக்கூடாது என்று தம் பெண்களுக்கே கட்டளையிட்டு, அவர்களைப் படுக்கை விரிப்புகளும் சட்டைகளும் தைக்க வைத்தார். கண்ணெதிரே மனிதர் துடிக்கும்போது இப்படி இருப்பதா என்று சில தாதியர் மனம் குமுறினர். ஆனால் இங்கர்மான் சமரில் காயப்பட்டோர் கப்பல் கப்பலாக வந்து குவிந்ததும் வைத்தியர்களே அவர்களை அழைத்தார்கள். இதனால் தாதியர் தொழிலின் முதல் வரன்முறை ஒன்று நிலைபெற்றது. சிகிச்சை தொடர்பான தீர்மானம் வைத்தியருடையது, தாதி அவ்வறிவுறுத்தலின்படி செயற்படுவார் என்பதே அது. அந்த நாட்களில் அவர் செய்தது சரியா என்று வகுப்பில் கேட்டால் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். எனது எண்ணம், அவர் பொறுத்திருக்காவிட்டால் முதலாவது கப்பலிலேயே அனைவரும் திருப்பி அனுப்பப்பட்டிருப்பார்கள் என்பது.

விளக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரவு எட்டு மணிக்குப் பின் வேறெந்தப் பெண்ணும் நோயாளர் கூடங்களுக்குள் செல்ல அவர் இடமளிக்கவில்லை. ஆகவேதான் இரவில் அவர் மட்டும் நடந்து சென்றார். கையில் இருந்தது படங்களில் காண்பது போன்ற அலாவுதீன் விளக்கு அன்று. மடித்து வைக்கக்கூடிய துருக்கியக் கூண்டு விளக்கு.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். நைற்றிங்கேல் வந்தவுடன் மரணங்கள் குறைந்தன என்று எழுதாதீர்கள், அது பிழை. அவர் வந்தபின் அந்தக் குளிர்காலத்தில் மரணங்கள் கூடின. தாதியர் இருந்தார்கள், சுத்தமான சட்டைகள் வந்தன, உணவு திருந்தியது. இருந்தும் 1855 பெப்ரவரியில் ஸ்கூட்டாரியில் சிகிச்சை பெற்ற நூறு பேரில் ஏறத்தாழ 42 பேர் இறந்தனர். ஏன்? வைத்தியசாலையாக மாற்றப்பட்ட அந்தப் பெரிய படைமுகாம் அடைபட்ட கழிவுக் கான்களின் மேல் நின்றது. மலசலகூடங்களின் நச்சுக்காற்று கூடங்களுக்குள் வந்தது. குடிநீரும் சுத்தமானதன்று. வாந்திபேதியும் வயிற்றுளைவும் காய்ச்சலும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவின. 1855 மார்ச்சில் வைத்தியர் ஜோன் சதர்லாந்து, பொறியியலாளர் றொபேட் றோலின்சன் முதலியோர் கொண்ட சுகாதார ஆணைக்குழு வந்தது. கான்களைக் கழுவினர், செத்த விலங்குகளை அப்புறப்படுத்தினர், சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசினர், காற்றோட்டத்துக்கு வழி செய்தனர். சில மாதங்களில் இறப்பு நூற்றுக்கு இரண்டு என்ற அளவுக்கு இறங்கியது. குளிர்காலம் முடிந்ததும் நோயாளர் நெரிசல் குறைந்ததும் இதற்கு உதவின. இருந்தாலும் பெரும் மாற்றத்துக்குக் காரணம் சுகாதாரமே.

அக்காலத்தில் நைற்றிங்கேலே இதை முழுமையாக விளங்கியிருக்கவில்லை. பட்டினியாலும் களைப்பாலும் மிகவும் நலிந்த பின்னர் வீரர்கள் கொண்டுவரப்படுவதே காரணம் என்று எண்ணியிருந்தார். 1856இல் நாடு திரும்பியதும் வரவேற்பு விழாக்களைத் தவிர்த்து, வேறு பெயரில் அமைதியாக வீடு சேர்ந்தார். பின்னர் வில்லியம் பார் என்ற புள்ளிவிபரவியலாளருடன் அமர்ந்து இராணுவத்தின் மரணப் பதிவுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். இங்குதான் அந்தக் கணித விருப்பம் கைகொடுத்தது. 1855 ஜனவரி மாதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கிலிருந்த பிரித்தானியப் படையில் காயங்களால் இறந்தோர் 83 பேர். தடுத்திருக்கக்கூடிய தொற்றுநோய்களால் இறந்தோர் 2761 பேர். ருஷ்யரின் குண்டுகளைவிடக் கான்கள் கொன்றவர்களே அதிகம். தாம் தலைமை தாங்கிய வைத்தியசாலையும் அந்தக் கணக்கில் அடங்கும் என்று தெரிந்தும் அவர் எண்களை மறைக்கவில்லை. பன்னிரண்டு மாதங்களையும் ஒரு வட்டத்தைச் சுற்றி ஆப்புகளாக வரைந்து, நோய் மரணத்துக்கு நீலம், காயத்துக்குச் சிவப்பு, ஏனையவற்றுக்குக் கறுப்பு என நிறம் தீட்டி 1858இல் வெளியிட்டார். அட்டவணையைப் புரட்டப் பொறுமையில்லாத அமைச்சரும் படத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டார். அதே வருடம் புள்ளிவிபரவியல் சங்கத்தின் முதலாவது பெண் உறுப்பினரானார்.

1859இல் எழுதிய தாதிமை பற்றிய குறிப்புகள் என்ற நூல், வீட்டில் நோயாளியைக் கவனிக்கும் சாதாரண பெண்களுக்காக எழுதப்பட்டது. தூய காற்று, தூய நீர், நல்ல வடிகால், சுத்தம், வெளிச்சம் ஆகிய ஐந்தும் ஒரு வீட்டின் ஆரோக்கியத்துக்கு இன்றியமையாதவை என்கிறார். பரீட்சையில் இந்த ஐந்தையும் எழுதுவீர்கள், நல்லது. ஆனால் அந்நூலில் எனக்குப் பிடித்தவை சிறிய விடயங்கள். நோயாளியின் காதில் விழும் தூரத்தில் இரகசியம் பேசுவது அவரை வருத்தும். இரவு நன்றாகத் தூங்கினாரா என்று கேட்பது பயனற்றது, எத்தனை மணித்தியாலம் தூங்கினார், எப்போது விழித்தார் என்று கேட்க வேண்டும். நோயாளியின் முதுகுப்புறம் நின்று பேசி அவரைத் திரும்ப வைக்கக்கூடாது. தாதி அங்கு இல்லாத வேளையிலும் செய்யவேண்டியவை நடக்கும்படி ஒழுங்கு செய்துவிட்டுப் போவதே பொறுப்பு. உங்கள் வீட்டில் அம்மம்மா படுக்கையில் இருந்தால் இவற்றை ஒரு நாள் செய்து பாருங்கள்.

போர்க்காலத்தில் மக்கள் அவர் பெயரில் சேர்த்த நிதி ஏறத்தாழ 45,000 பவுண். அதைக் கொண்டு 1860இல் இலண்டன் சென். தோமஸ் வைத்தியசாலையில் தாதியர் பயிற்சிப் பாடசாலை தொடங்கப்பட்டது. பயிற்சி ஒரு வருடம். ஒவ்வொருவரின் நேரந்தவறாமை, அமைதி, நம்பகத்தன்மை, சுத்தம் ஆகியன மாதந்தோறும் பதிவேட்டில் குறிக்கப்பட்டன. அங்கு பயின்றவர்கள் வேறு நாடுகளுக்கும் சென்றனர். 1868இல் லூசி ஒஸ்பேர்ண் சிட்னி நகரை அடைந்தது அதற்கு ஓர் உதாரணம்.

பின்னாளில் தாதியரைப் பரீட்சை வைத்துப் பதிவு செய்யவேண்டும் என்ற இயக்கம் எழுந்தபோது நைற்றிங்கேல் அதை எதிர்த்தார் என்பது பலருக்குத் தெரியாது. வினாத்தாளால் அறிவை அளக்கலாம், நோயாளியிடம் ஒருத்தி எப்படி நடந்துகொள்வாள் என்பதை அளக்க முடியாது என்பது அவரது வாதம். பரீட்சைக்கு ஆயத்தமாகும் உங்களுக்கு இது இனிக்கும்! ஆனால் பயிற்சியற்ற எவரும் தாதி என்று சொல்லிக்கொள்வதைத் தடுக்கப் பதிவு தேவை என்று எதிர்த்தரப்பினர் கூறியதிலும் நியாயம் இருந்தது. அவர் இறந்து ஒன்பது வருடங்களின் பின்னர், 1919இல், பிரித்தானியாவில் தாதியர் பதிவுச் சட்டம் வந்தது. இவ்விடயத்தில் அவரது பக்கம் தோற்றது, தோற்றதும் நல்லதே.

கிரிமியாவில் பிடித்த காய்ச்சலின் விளைவாக அவர் நீண்டகாலம் படுக்கையில் இருந்தார். இந்தியாவுக்கு ஒருமுறையும் செல்லாமலே அந்நாட்டின் சுகாதாரம் பற்றியும், காவிரியிலும் கோதாவரியிலும் அணைக்கட்டு வேலை செய்த ஆதர் கொட்டனின் நீர்ப்பாசனத் திட்டங்களை ஆதரித்தும் ஓயாமல் எழுதியது அந்தப் படுக்கையறையிலிருந்துதான். 1907இல் ஓடர் ஒப் மெரிட் என்ற உயர் விருதைப் பெற்ற முதலாவது பெண்ணானார். 1910 ஓகஸ்ட் 13ஆம் திகதி 90ஆவது வயதில் காலமானார். வெஸ்ற்மினிஸ்ரர் அபேயில் அடக்கம் செய்ய அரசு முன்வந்தபோது குடும்பத்தினர் மறுத்துவிட்டனர். ஹம்ஷயரிலுள்ள ஈஸ்ற் வெலோ கிராமத் தேவாலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். கல்லில் முழுப்பெயர் இல்லை. பெயரின் முதலெழுத்துகள் இரண்டும், பிறந்த இறந்த திகதிகளும் மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளன.