இரைப்பையின் இரகசியம் தேடிய குருவானவர்

நாம் உண்ணும் உணவு வயிற்றுக்குள் சென்றபின் என்னவாகிறது? இன்று இவ்வினாவுக்கு நாம் எளிதாக விடை எழுதி மதிப்பெண் பெற்றுவிடுகிறோம். ஆனால் 250 ஆண்டுகளுக்கு முன் பேரறிஞர்களுக்கே இது விளங்காப் புதிராக இருந்தது. வயிறு அம்மியைப் போல உணவை அரைக்கிறது என்றனர் சிலர். உணவு உள்ளே புளித்து அழுகுகிறது என்றனர் வேறு சிலர். இப்புதிரை விடுவிக்கத் தம் உடலையே ஆய்வுக்கூடமாக்கியவர் குருவானவர் லாசரோ ஸ்பல்லன்சானி.

இவர் 1729ஆம் ஆண்டு இத்தாலி நாட்டின் ஸ்காண்டியானோ என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். மகனும் போலோஞா பல்கலைக்கழகத்தில் சட்டம் பயிலச் சென்றார். அங்கே அவருடைய உறவினரான லாரா பாஸி அம்மையார் இயற்பியல் பேராசிரியையாக விளங்கினார். பெண்கள் கல்லூரி வாயிலையே காணாத அக்காலத்தில் அப்பெருமாட்டி ஊட்டிய ஆர்வமே இவரை அறிவியலின் பக்கம் திருப்பியது. பின்னர் குருப்பட்டம் பெற்று, 1769 முதல் பவியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார்.

ரெயோமூர் என்னும் பிரெஞ்சு அறிஞர் பறவைகளைக் கொண்டு செய்த சோதனைகளை இவர் தொடர்ந்தார். துளையிட்ட குழாய்களுக்குள் இறைச்சியை வைத்து விலங்குகளை விழுங்கச் செய்தார். குழாய் நசுங்கவில்லை, உள்ளிருந்த இறைச்சியோ கரைந்திருந்தது. ஆனால் மனிதனின் வயிற்றிலும் இப்படித்தானா? அதை அறிய ஒரே வழிதான் இருந்தது. மென்ற ரொட்டியைச் சிறு துணிப்பையில் இட்டுத் தைத்துத் தாமே விழுங்கினார். பை குடலில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து என்ற அச்சம் அவருக்கும் இருந்தது. எனினும் ஏறத்தாழ ஒரு நாளில் பை கிழியாமல் வெளிவந்தது. உள்ளே ரொட்டி இல்லை!

அடுத்து, வெறும் வயிற்றில் தாமே வாந்தியெடுத்து இரைப்பை நீரைச் சேகரித்தார். இறைச்சியை அந்நீரில் இட்டு வெதுவெதுப்பாக வைத்தபோது, அது வயிற்றுக்கு வெளியிலும் அழுகாமல் கரைந்தது. உணவைச் செரிக்கச் செய்வது இந்நீரே என்று 1780இல் நூலாக வெளியிட்டார். மென்ற உணவு விரைவில் செரிப்பதையும் கண்டார். நொறுங்கத் தின்னும்படி நம் பெரியோர் கண்டிப்பது வீண் பேச்சன்று!

அந்நீரில் இருப்பது என்ன என்பதை அவரால் அறிய முடியவில்லை. 1799இல் தமது 70ஆம் வயதில் பவியாவில் இறைவனடி சேர்ந்தார். பின்னர் 1824இல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும், 1836இல் புரதத்தைச் சிதைக்கும் பெப்சினையும் பிறர் கண்டறிந்தனர்.

தோழியரே, அவர் விதைத்ததன் பலனைப் பிறர் அறுத்தனர். அதனால் அவர் பெருமை குன்றிவிடவில்லை. ஐயம் எழுந்தால் அஞ்சாமல் ஆராய்வதும், கண்ட உண்மையை மறைக்காமல் உரைப்பதும் இறைவன் தந்த அறிவுக்கு நாம் செலுத்தும் நன்றியன்றோ?

— பத்தாம் வகுப்பு மாணவி