உண்மை உரைத்த வழிகாட்டி
புலம்பெயர்வோரின் வறுமையை மூலதனமாக்கும் முகவர்கள் எக்காலத்திலும் உளர். 1890களில் ஒஸ்திரிய ஆட்சிக்குட்பட்ட கலீசியாவின் உக்ரேனிய விவசாயிகள், அத்தகையோரின் பொய்களை நம்பிப் பிரேசில் சென்று பெருந்துன்பமுற்றனர்.

இந்நிலையை மாற்ற முனைந்தவர் 1860இல் பிறந்த விவசாய அறிஞர் யோசிப் ஓலெஸ்கிவ். பிரேசில் பயணத்துக்கு எதிராக எச்சரித்த அவர், 1895இல் கனடா சென்று நிலைமையை நேரிற் கண்டறிந்தார். பத்து டொலர் பதிவுக் கட்டணத்தில் 160 ஏக்கர் நிலம் கிடைப்பதை எழுதியதோடு, கைப்பணமின்றிப் புறப்படுவோர் எதிர்நோக்கும் இன்னல்களையும் மறைக்காது எடுத்துரைத்தார். 1896 முதல் விவசாயிகளைக் குழுக்களாக வழியனுப்பினார். 1903இல், 43ஆவது வயதில் காலமானார். 1914 வரை சுமார் 170,000 உக்ரேனியர் கனடாவில் குடியேறினர்.

முகவர்களை நம்பிக் கடல் கடந்த நம்மவர்க்கு இவ்வாறு உண்மை உரைத்தவர் எத்தனை பேர் என்பதை நாம் சிந்தித்தல் வேண்டும்.